ஊழியம்

பார்சிலோனாவில் இருக்கிற மருமகன் போன் எடுத்தான். “மாமா, இங்க உதைபந்தாட்டச் செய்தியில ‘ஃபெவுதோ’ எண்டு சொல்லுறாங்கள். அகராதியில பாத்தா நிலமானியம் எண்டு கிடக்கு. விளங்கேல்லை.”

ஓர் அணியின் சொந்த மைதானத்தை ஸ்பானிய மொழியில் அப்படிச் சொல்கிறார்களாம். ஒரு கட்சி அசையாமல் வைத்திருக்கும் மாகாணத்துக்கும் அதே சொல். ஆனால் பழைய ஃபெவுதோ வேறு. பிரபு நிலம் கொடுப்பான். வாங்கியவன் விசுவாசமாக இருந்து, கூப்பிட்டால் போருக்குப் போகவேண்டும். அந்தச் சுமை இன்றைக்கு அந்தச் சொல்லில் இல்லை.

எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது என்றேன். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில சாதியார் ஆண்டுக்கு 12 நாள் கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும். அதற்குப் பெயர் ஊழியம். முடியாதவர்கள் காசு கட்டித் தப்பினார்கள். இங்கே வன்னியில், வன்னிமைகள் எனப்பட்ட தலைவர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தார்கள். யானை பிடிக்கக் காட்டுக்குள் இறங்கியது குடிகள்தான். இப்படிப்பட்ட கட்டாய வேலைக்குச் சிங்களத்தில் இராஜகாரிய என்று பெயர். ஆங்கிலேயர் அதை 1832இல் ஒழித்தார்கள். இன்றைக்குச் சிங்களத்தில் அது அலுவலகக் கடமை. தமிழில் ஊழியர் என்றால் மாதச் சம்பளக்காரர். செட்டிகுளத்தில் ஒரு கந்தோருக்குப் போனால் இரண்டு சொல்லும் காதில் விழும். எவருக்கும் முதுகு வலிப்பதில்லை.

சொல் மாறியது சரி. நிலம்?

போனை வைத்துவிட்டு அப்பாவின் காணிப் பேமிற்றை எடுத்தேன். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தந்தது. மஞ்சளாகி, நடு மடிப்பு கிழிந்து, அம்மா பசை தடவி ஒட்டிய கடுதாசித் துண்டோடு இருக்கிறது. காடு வெட்டினது அப்பா. வரம்பு கட்டினது இரண்டு பேரும். குளம் வான் பாய்ந்த வருசங்களில் நெல்லும், பாயாத வருசங்களில் கடனும் அந்த வயலில் கண்டோம். ஆனால் காணி அரசுடையது. நினைத்தபடி விற்க ஏலாது. நிபந்தனை மீறினால் பேமிற்றை ரத்துச் செய்யலாம். பிள்ளைக்குப் போவதற்கும் பதிவு, அனுமதி, அலைச்சல்.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஒரு கிழவி சொப்பிங் பைக்குள் காணிக் கடுதாசிகளை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். நகை எல்லாம் போய்விட்டது என்றார். அந்தப் பையை மட்டும் அவர் கீழே வைக்கவேயில்லை.

உழுகிறவர் பெயரில் காணி இல்லாதவரை ஃபெவுதோ அகராதிக்குள் மட்டும் இருக்கும் சொல் இல்லை. பேமிற் காணிகளுக்கு நிபந்தனையில்லாத உறுதி எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது.