ஓசூருக்கு மேலே ஒரு கிரைண்டர்

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ரோஜா என்பார்கள். சரிதான். பாலிதீன் கூடாரம் போட்டு ரோஜா, கொஞ்சம் முட்டைகோஸ், கொஞ்சம் கேழ்வரகு, நடுநடுவே எவனோ ப்ளாட் போட்டு நட்ட கல். ஆனால் பேளகொண்டப்பள்ளி பக்கத்தில் சத்தமில்லாமல் இன்னொரு சமாசாரம் படுத்துக் கிடக்கிறது. ரன்வே! சுமார் 7,000 அடி நீளம். போயிங் 737 சைஸ் விமானம் இறங்கலாம். நீங்களும் நானும் டிக்கெட் வாங்கிப் போக முடியாது, அவ்வளவுதான். அது தனியார் ரன்வே. தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனியுடையது.

இந்தக் கம்பெனி தொண்ணூறுகளில் அங்கே விமானமே செய்தது. ஆறு பேர் உட்காரும் பார்ட்டனேவியா பி-68சி. டிசைன் இத்தாலிக்காரர்களுடையது. இந்தியாவில் சிவில் விமானம் செய்யத் துணிந்த தனியார் கம்பெனிகளில் அது முன்னோடி. நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபின் ‘ஹன்சா’ என்கிற குட்டிப் பயிற்சி விமானத்தையும் அங்கே செய்தார்கள். ஓசூர் என்றால் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். பக்கத்து சீட் ஆசாமியிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

இவ்வளவு பெரிய ரன்வே இருந்தும் ஏன் பாசஞ்சர் விமானம் வரவில்லை? பெங்களூர் விமான நிலையத்தைக் கட்டினவர்களோடு 2004-ல் மத்திய சர்க்கார் போட்ட ஒப்பந்தம். 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் போட்டிக்குப் புது ஏர்போர்ட் வரக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. நிலையம் திறந்தது 2008. அதிலிருந்து 25 வருஷம். கணக்குப் போட்டால் 2033. நடுவில் 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்து போகிற மாதிரி சர்வதேச விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். மறுநாளே டீக்கடைகளில் கிரவுண்டு விலை ஏறியது. விமானம் எப்போது ஏறும் என்று எந்த டீக்கடையிலும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் ஒருவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். சம்பளத்தில் பாதியைக் கொட்டிப் பைலட் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். (மீதிப் பாதி ஹவுசிங் லோன்.) அவன் அப்பா பேளகொண்டப்பள்ளியில் ஷீட் மெட்டல் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இறக்கைக்கு ரிவெட் அடித்தவர். எத்தனையோ ஆயிரம் ரிவெட். ஆனால் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறினதில்லை. ‘தையல்காரன் எல்லாம் கோட்டுப் போட்டுக்கிறானா?’ என்பாராம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பனின் அம்மா தவறிப்போனார்கள். அதற்குப் பிறகு பெரியவர் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டல். டாக்டரிடம் போகலாமா என்றால் தலையாட்டல், இந்தத் தடவை பக்கவாட்டில்.

“அப்பாவை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போறேன்டா. அவர் அடிச்ச மண்ணு மேலயே. நீ கேமரா வெச்சுக்க. படம்கூட அப்புறம். அங்க ஏதாவது ஒரு வார்த்தை பேசுவாரு. அதைப் பிடிச்சுக் குடு, போதும்” என்றான்.

நான் கல்யாண வீடியோவில் ஆரம்பித்து இப்போது ஆக்‌ஷன் கேமரா வரை வந்தவன். தீப்பெட்டி சைஸைவிடக் கொஞ்சம் பெரிசாக, தண்ணீரில் போட்டாலும் சாகாத கேமரா. நிக் வுட்மன் என்கிற அமெரிக்கர், அலைமேல் சறுக்கும்போது தன்னைத்தானே படம் எடுக்க ஆசைப்பட்டு 2002-ல் ஆரம்பித்த கம்பெனிதான் கோப்ரோ. 2004-ல் வந்த முதல் மாடல் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற ஃபிலிம் கேமரா! அதன் வாரிசுகள் இன்று ஹெல்மெட், பைக் ஹேண்டில், நாய் முதுகு எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கின்றன. விமானத்தில் உட்காரவைப்பதுதான் கஷ்டம்.

முதல் கஷ்டம் காகிதம். 1937-ம் வருஷத்து விமான விதிகளில் 13-வது விதி, பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுக்க எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்றது. வழக்கமான பாசஞ்சர் விமானங்களில் ஜன்னலோரப் பயணி படம் எடுத்துக்கொள்ளலாம் என்று 2004-ல் தளர்த்தினார்கள். குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு ஊரையே படம் பிடிக்கிறேன் என்றால் அந்தச் சலுகை செல்லாது. நண்பன் மனுப் போட்டு, எந்தத் தேதி, எந்த வழி, எத்தனை கேமரா என்று எழுதிக் கொடுத்து, முறைப்படி அனுமதி வாங்கினான்.

இரண்டாவது கஷ்டம் விசிறி. வெறுமனே கேமராவை வைத்து எடுத்தால் விமானத்தின் முன்விசிறி வாழைப்பழம் மாதிரி வளைந்து, துண்டுதுண்டாகக் காற்றில் மிதக்கும். மந்திரம் எதுவும் இல்லை. இந்தக் கேமரா ஒரு படத்தை மொத்தமாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் விசிறி இடம் மாறிவிடுகிறது. நாங்கள் போனது நாலு சீட் செஸ்னா 172. நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்று வையுங்கள். செகண்டுக்கு 40. ஷட்டரை அறுபதில் ஒரு செகண்ட் வரை மெதுவாக்கினால், அதற்குள் விசிறி முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிவிடும். இரண்டு இதழ் என்பதால் வட்டம் முழுக்க மெழுகிவிடும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே. ஆனால் பட்டப்பகலில் அவ்வளவு மெதுவாக வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்கு லென்ஸுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். கடைக்காரர் அதை என்.டி. ஃபில்டர் என்பார். கூலிங் கிளாஸ் என்று சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார்.

படம் ஆடாமல் இருக்க உள்ளே ஒரு வித்தை இருக்கிறதே, அதையும் அணைத்துவிட வேண்டும். விமானம் திரும்புகிறபோது கேமரா ‘நாம் விழுகிறோம்’ என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்த்தும். பார்க்கிறவருக்கு வயிற்றைப் புரட்டும். பிறகு ரப்பர் கிண்ணம். கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைப்பது ரப்பர் இல்லை, வெளியிலிருந்து அமுக்குகிற காற்று. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், பிடியும் குறையும். ஓசூரே சுமார் 3,000 அடி உயரம். அதனால் கேமராவுக்கு ஒரு நூல்கயிறு, அரைஞாண் மாதிரி. இறக்கைக்கு வெளியே மாட்டுவது தனி அனுமதி விவகாரம், அந்தப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம் சுலபம். சத்தம்தான் எமன். சின்ன விமானத்துக்குள்ளே இன்ஜின் சத்தம் 90 டெசிபலைத் தொடும். கேமராவின் சொந்த மைக் அதைக் கேட்டு மிரண்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, வெட்கிரைண்டரில் உளுந்து போட்ட மாதிரி ஒன்றைப் பதிவு செய்யும். அதற்குள் காந்தியே பேசினாலும் கேட்காது. விமானத்தில் இருப்பவர்களும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. காதை மூடின ஹெட்செட், உதட்டை ஒட்டின மைக், இன்டர்காம். ஆகவே பேச்சை அந்த வயரிலிருந்துதான் திருட வேண்டும். விமான ஹெட்செட்டுக்கு இரண்டு பின். ஒன்று தடிசு, ஒன்று சற்று ஒல்லி. ஒல்லியானதில் நம் வீட்டு ஸ்டீரியோ பின் சேராது. காதுக்குப் போகும் லைனில் நடுவே ஒரு கிளை எடுத்து, மின் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, கேமராவுக்குக் கொடுக்க வேண்டும். மட்டுப்படுத்தாமல் கொடுத்தால் கரகரப்புதான் மிஞ்சும்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சட்டையில் குத்துகிற பட்டன் மைக்கை ஹெட்செட்டின் காதுக் கிண்ணத்துக்குள்ளேயே செருகிவிடுவது. காதுக்கு என்ன கேட்கிறதோ, அதுவே பதிவாகும். இன்ஜினைக் கிண்ணம் வடிகட்டிவிடும். நண்பனின் லைனில் கிளை வயர், பெரியவரின் வலது காதில் பட்டன் மைக்கும் சட்டைப்பையில் ரெக்கார்டரும் என்று முடிவு செய்தோம். கிளம்புமுன் எல்லாவற்றையும் ஓட விட்டு நான் ஒரே ஒரு கைதட்டினேன். பிற்பாடு எடிட்டிங்கில் அந்தத் தட்டல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி வைத்துவிட்டால் படமும் சத்தமும் கைகோத்துக்கொள்ளும்.

பெரியவர் விமானத்தில் ஏறுமுன் அதைச் சுற்றி வந்தார். இறக்கைக்குக் கீழே நின்று ரிவெட் வரிசையை விரலால் தடவினார். ரிவெட் அடிப்பது ஒருத்தர் வேலை இல்லை என்று நண்பன் எனக்குச் சொன்னான். தகட்டுக்கு வெளியே ஒருத்தர் துப்பாக்கியோடு, உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, அந்தச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரியாக உட்கார்ந்துவிட்டது, அடுத்ததுக்குப் போ. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, துளைத்து எடு.

பெரியவர் முன்சீட்டில், நான் பின்னால். கிளம்பினோம். இதில் ஒரு வேடிக்கை. தரையில் அத்திப்பள்ளி வரைக்கும்தான் கர்நாடகம். வானத்தில் ஓசூரே கர்நாடகம். மேலே ஏறுகிறவன் பெங்களூர் கன்ட்ரோலைக் கேட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். எல்லைக்கோடு எங்கே என்று கீழே தேடினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தகரக் கூரை, ஒரே மாதிரி லாரி வரிசை.

கடல் மட்டத்திலிருந்து 5,000 அடியில் நேராகப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி பக்கம் திரும்பினோம். இடது பக்கம் சிப்காட்டின் கூரைகள், அப்பால் கெலவரப்பள்ளி அணை. பெங்களூர்க் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணையில் நுரை பொங்கும்போது பஞ்சு கொட்டின மாதிரி இருக்கும். அன்றைக்குக் கோடு மாதிரி கொஞ்சம்தான். சூளகிரி பாறை தாண்டியதும் ஓர் அதிசயம். நாங்கள் ஏறவே இல்லை, தரை இறங்குகிறது. கிருஷ்ணகிரிக்குள் ஆயிரம் அடிக்கு மேல் சரிந்துவிடுகிறது. பஸ்ஸில் காது அடைக்குமே, அந்த இறக்கம். கிரானைட் குவாரிகள் ஸ்பூனால் தோண்டின அல்வா மாதிரி. பிறகு மாந்தோப்பு, மாந்தோப்பு, மாந்தோப்பு. கே.ஆர்.பி. அணைமேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகிற தூரம், கால் மணியில் வந்துவிட்டது.

“எப்டிப்பா இருக்கு?” என்று நண்பன் மூன்று தடவை கேட்டான். பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. இறங்கினோம். நண்பன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி வீட்டில் காதுக் கிண்ணப் பதிவை ஓட்டினேன். நண்பன் குரல், பெங்களூர் குரல், மூச்சு. பெரியவரின் மூச்சு அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. அணைமேல் திரும்பும் இடம் தாண்டி, மூன்றாவது ‘எப்டிப்பா’வுக்கு அப்புறம், ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். வயர் லூஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தை அதே இடத்துக்கு இழுத்துப் பார்த்தேன். பெரியவர் வலது கையைத் தூக்கி, விரல் முட்டியால் காதுக் கிண்ணத்தில் தட்டுகிறார். இரண்டு தடவை. பிறகு கை மடிக்குப் போய்விடுகிறது.

நண்பனை வரவழைத்து அந்த இடத்தை மட்டும் கேட்கவைத்தேன். மறுபடி போடு என்றான். மறுபடி. ஐந்தாறு தடவைக்கு அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

படம் 12 நிமிஷத்துக்கு வந்தது. அக்கா வீட்டுக்காரர் பின்னணியில் ஏதாவது பாட்டுப் போடச் சொன்னார். நண்பன், “வேணாம் மாமா, கிரைண்டர் அப்படியே இருக்கட்டும்” என்றுவிட்டான். டிவியில் போட்டுப் பெரியவரை உட்காரவைத்தோம். கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“எங்க ஷெட்டு கூரை வரலியே தம்பி. இன்னொரு வாட்டி போனா, இந்தப் பக்கமா வளைச்சா தெரியும்.”

மறுபடி அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.