மக்காச்சோளத் தூசியும் மஞ்சள் விளக்கும்

மாசி மாத ராத்திரி, மணி பத்தரை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. "அண்ணே, வண்டியை எடுங்க, கோவில்பட்டிக்குப் போகணும்" என்று ஆள் வந்து நிற்கிறது. பசுவந்தனையில் சொந்தமாக ஒரு பெட்ரோல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டும் அவருக்கு, 'இதோ வர்றேன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"108-க்குப் போன் போடுங்கப்பா. இப்ப என் வண்டியை நம்பிப் பிள்ளைத்தாச்சியை ஏத்த முடியாது" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஆனாலும் அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

காரணம், டேஷ்போர்டில் மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திணறிவிட்டுத்தான் நகரும். நாலு பேர் ஏறினால் இழுவையே இருக்காது. டவுனில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, "பி 0171. ஆக்ஸிஜன் சென்சார் போச்சு" என்றார்கள். 6,500 ரூபாய் கொடுத்து மாற்றினார். நான்கே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்து ஃப்யூயல் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாமாம். 9,000 ரூபாய். வீட்டில் மனைவியின் கம்மலை அடகு வைக்கும் பேச்சு வந்துவிட்டது.

மறுநாள் காலை, கார்புரேட்டர் காலத்திலிருந்து ஸ்பானர் பிடிக்கும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டார். அவர் முதலில் கழற்றியது ஸ்பார்க் பிளக்கை. முனை வெள்ளையாக வெளுத்திருந்தது. பெட்ரோல் அதிகமானால் அங்கே கரி படிந்திருக்கும்.

"காத்து கூட, பெட்ரோல் கம்மி. அந்த நம்பரும் இதைத்தான் சொல்லுது தம்பி. காய்ச்சல்னா தெர்மாமீட்டர் நூத்திரண்டு காட்டும். டைபாய்டா மலேரியாவான்னு அது சொல்லுமா?"

"அப்ப சென்சாரை மாத்துனது, அண்ணாச்சி?"

"புகார் கொடுக்க வந்தவனையே பிடிச்சு உள்ள போட்ட கதை."

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்து வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, 'காற்று கூடிப்போச்சு' என்று சொல்வது அந்த சென்சார். கம்ப்யூட்டர் உடனே பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதுதான் ஃப்யூயல் ட்ரிம். அது ஐந்து, பத்துக்குள் நின்றால் கவலையில்லை. இருபது, இருபத்தைந்து வரை கூட்டியும் தீராதபோது கம்ப்யூட்டர் கைவிரித்து விளக்கைப் போடுகிறது. இதற்கு நேர் எதிரானது பி 0172. அங்கே பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வரும்.

அண்ணாச்சி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் சின்ன அடாப்டரைச் செருகி, செல்போனில் அந்த எண்ணைப் பார்த்தார். வண்டி நின்றபடி ஓடும்போது 7. ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பிடித்ததும் 16. ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனால் 24.

வேக்குவம் குழாயில் ஓட்டை என்றால் இது தலைகீழாக இருக்கும். ஐடிலில் எண் எகிறும், வேகம் ஏறினால் இறங்கும். ஆக, ஓட்டை இல்லை. மிச்சம் இரண்டு சந்தேகம். பெட்ரோல் போதாமல் வருகிறது, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது. கேஜ் மாட்டி பெட்ரோல் பிரஷரைப் பார்த்தார். வண்டியை ஏற்றினாலும் முள் அசையவில்லை. பம்ப் நிரபராதி. 9,000 ரூபாய் மிச்சமானது அந்த இடத்தில்தான்.

பிறகு ஏர் ஃபில்ட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்ட்டருக்கு உள்பக்கம், தூசியே இருக்கக்கூடாத பக்கத்தில், மாவு மாதிரி கரிசல் தூசி. தை, மாசியில் இந்தப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் ஓடாத காடு ஏது? அந்தத் தூசி ஏர் ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. காற்று ஓடும்போது அந்தக் கம்பி எவ்வளவு சூடு இழக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவே கணக்காகிறது. தூசி போர்த்திக்கொண்டால் கணக்கு குறையும், பெட்ரோலும் குறையும்.

அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயை மட்டும் அடித்தார். விரல் படவிடவில்லை, துணியால் துடைக்கவுமில்லை. காய்ந்த பிறகு மாட்டி, கோடை அழித்து, கோவில்பட்டி வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். அழித்தவுடன் எண் எப்படியும் பூஜ்யத்துக்கு வரும், ஓட்டினால்தான் உண்மை தெரியும். திரும்பி வந்தபோது 3 காட்டியது.

"இனிமே விளக்கு சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டு வாங்க. விட்டு விட்டு எரிஞ்சா மிஸ்ஃபயர். ஓரங்கட்டி நிப்பாட்டிருங்க. இல்லைன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிரும், அது பெரிய செலவு" என்றவர், பெட்டியை மூடும்போது நிறுத்தினார். "இந்த கிளிப் மாட்டாமக் கெடந்துச்சே. ஃபில்ட்டர் யாரு மாத்துனது?"

பதில் வரவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம், கூலி 200 ரூபாயை மிச்சம் பிடிக்க வீட்டு வாசலிலேயே அதை மாற்றியவர் அவர்தான்.

800 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"என்னவாம்?" என்றார் மனைவி.

"தூசியாம்" என்றார். கிளிப் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.