பெயருக்குக் காத்திருக்கும் நாட்கள்

மக்கட்பேற்றின் சிறப்பைப் பேச வந்த வள்ளுவப் பெருந்தகை, இசைக்கருவிகளின் இனிமைக்கும் மேலாக மழலையை வைத்துப் போற்றினார். எங்களுள் ஒருவர் அந்த அதிகாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவர். மழலை ஒலிக்காத வீட்டைப் பற்றி எந்த மாணவரும் கேட்டதில்லை. நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் மகனுக்கு இரண்டு வயது நிரம்பிய பின்னும் ‘அத்தா’ என்றோ ‘அம்மா’ என்றோ ஒரு சொல் பிறவாதபோதுதான், அந்தக் கேள்வி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அடையாற்றில் எங்கள் இல்லம். பெயர் சொல்லி அழைத்தால் மகன் திரும்பமாட்டான். ஆனால் அடுத்த வீட்டில் குக்கர் விசில் ஒலித்தால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒரே வரிசையாக அடுக்குவான். அவற்றுள் ஒன்றை நகர்த்தினாலும் அழுது தீர்ப்பான். பாத்திர மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஓயும்வரை கண் இமையாமல் பார்த்திருப்பான்.

முதலில் செவியைச் சோதித்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். மகிழ வேண்டிய நாங்கள் மனம் கனத்து வீடு திரும்பினோம். செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளுக்கென 1969-இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா நம் அடையாற்றிலேயே இருக்கிறது. குறை செவியில்தான் என்றால் போகும் வழியாவது தெரியும் என்று உள்ளூர நம்பியிருந்தோம். பெற்ற பிள்ளைக்குக் காது கேளாதிருக்கட்டும் என்று விரும்பிய பெற்றோர் நாங்கள்! இன்று எழுதும்போதும் கை நடுங்குகிறது.

‘ஆட்டிசமாக இருக்கலாம், முழுமையாக மதிப்பிட்ட பிறகே சொல்ல இயலும்’ என்றார் மருத்துவர். அதற்குக் கிடைத்த நாளோ நான்கு மாதங்களுக்கு அப்பால். இதனைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. குழந்தையின் நடத்தையைக் கூர்ந்து நோக்கியும், வளர்ந்த கதையைப் பெற்றோரிடம் கேட்டுமே அறிய வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென 20 வினாக்கள் கொண்ட முதற்கட்ட வினாப்பட்டியல் ஒன்று உண்டு. ‘வியப்பான ஒன்றைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டுகிறதா?’ என்ற பொருளில் ஒரு வினா அதில் வரும். எங்கள் மகன் நிலவையோ காக்கையையோ ஒருநாளும் சுட்டிக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதற்கிடையே உறவினர் நாவுகள் ஓயவில்லை. ‘பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் இப்படித்தான்’ என்றார் ஒரு மாமி, பெருநாள் விருந்தின்போது. எங்களுள் ஒருவர் அதைக் கேட்டுத் தலை குனிந்தார். மற்றவர் அருகிலிருந்தும் மறுத்துப் பேசவில்லை. மாமியின் சொல்லைவிட அந்த மௌனமே பெரிய காயமாயிற்று. பல இரவுகள் எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தவர்களும் பேசாதிருந்தோம்.

அந்த நாட்களில்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தார். பின்வந்த ஆண்டுகளில், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே இதற்குக் காரணம் என்று அறிஞர்களே பழி சுமத்தினார்கள். ஆட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட், 1964-இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். இதன் வேர் மூளை வளர்ச்சியில் உள்ளது. மரபணுக்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. வளர்ப்பு முறையால் வருவதன்று என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. தடுப்பூசியோடு இதனைத் தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையையும், அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு தந்தை தம் துணைவிக்காகப் பேச வேண்டிய இடத்தில் பேசினார். நாங்களோ ஒரு விருந்துப் பாயில் வாய்மூடி இருந்தோம். அன்று வெட்கினோம். மறுவாரம் மாமியின் இல்லம் சென்று, நாங்கள் இருவருமாகவே அனைத்தையும் விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘எனக்குத் தெரியாதும்மா’ என்று சொல்லிப் பிள்ளையின் தலையைத் தடவினார்.

நம் அடையாற்றுக்கு 1939-இல் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். ரோம் நகரில் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்தே அவரது கல்விப் பணி தொடங்கியது. முதலில் குழந்தையை உற்று நோக்கு என்பது அவர் கல்விநெறியின் அடிப்படை. நாங்களும் நோக்கத் தொடங்கினோம். தாகம் எடுத்தால் மகன் எங்கள் கையைப் பிடித்து இழுத்துச் சென்று தண்ணீர்ப் பானையின் மேல் வைப்பான். அதுவும் ஆட்டிசத்தின் ஓர் அறிகுறி என்கிறார்கள். எங்களுக்கோ அது அவனுடைய சொல். இப்போது அவன் கை வைத்தவுடன் ‘தண்ணி’ என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். மதிப்பீடு முடியும்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று மருத்துவரே அறிவுறுத்தினார்; தொடங்கிவிட்டோம்.

அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் சொல் வழங்கியதுண்டு. தமிழ் பயின்ற எங்களுக்கு அச்சொல் உறுத்துகிறது. எலியட்ஸ் கடற்கரையில் ஈரமணலை விரலிடுக்கில் வழியவிட்டு ஒருமணி நேரம் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லை என்று எப்படிச் சொல்வது? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. ஆதலால் மருத்துவர் தரும் பெயர் எங்களுக்குத் தேவை. சலுகையும் பயிற்சியும் அதைக் கொண்டே கிடைக்கும். அடுத்த மாதம் அந்த நாள் வருகிறது. எந்தப் பெயர் வந்தாலும், நாங்கள் இட்ட பெயரால்தான் அவனை அழைப்போம்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஆசிரியராவீர்கள், பெற்றோராவீர்கள். அழைத்தும் திரும்பாத குழந்தையைக் கண்டால் அடம் என்று முடிவு செய்யாதீர்கள். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெரியோர்களே, ‘பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை?’ என்று தாயைக் கேட்கும் முன், அந்தப் பிள்ளையின் அருகில் சற்று அமர்ந்து பாருங்கள். உங்கள் கையைப் பற்றி எங்கேனும் அழைத்துச் சென்றால், மறுக்காமல் உடன் செல்லுங்கள்.