நேரான சொல்

ருஷ்ய நாவல்களைத் தமிழில் வாசித்துத் திரிந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ருஷ்யச் சொல் ஒன்றே ஒன்றுதான்: 'பிராவ்தா'. ஒரு பத்திரிகையின் பெயர், அர்த்தம், உண்மை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சொல்லின் குலம் கோத்திரம் விசாரிக்கும் பழக்கம் கதை எழுதுகிறவனை லேசில் விடுமா?

ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழைய சொல் 'பிராவ்'. நேரானது என்று பொருள். அதற்கு எதிர் 'கிரிவ்', கோணல். நேரானதிலிருந்து பிராவ்தா பிறந்தது. கோணலிலிருந்து 'கிரிவ்தா', அதாவது பொய்யும் அநியாயமும். நாம் செங்கோல், கொடுங்கோல் என்கிறோமே, அதே கணக்கு. ஆகவே பிராவ்தா வெறும் உண்மையல்ல, நியாயமும்தான். 11-ஆம் நூற்றாண்டில், கீவ் நகரை ஆண்ட யாரோஸ்லாவ் காலத்தில் தொடங்கிய சட்டத் தொகுப்புக்கே 'ருஸ்கயா பிராவ்தா' என்று பெயர்.

பங்காளிகள் இந்தச் சொத்தைப் பிரித்துக்கொண்ட விதம் வேடிக்கை. செர்பியர்கள் பிராவ்தாவை நியாயத்துக்கு வைத்துக்கொண்டு, உண்மைக்கு 'இஸ்தினா' என்ற வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். போலந்துக்காரரும் செக் மக்களும் அதை உண்மைக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ருஷ்யரிடம் இரண்டும் உண்டு. இஸ்தினா தத்துவ ஞானிகளின் உண்மை. பிராவ்தா வீட்டிலும் வீதியிலும் புழங்குவது.

உண்மையும் நியாயமும் ஒரே சொல்லில் குடியிருப்பதைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டு விமர்சகர் மிகைலோவ்ஸ்கி மெய்சிலிர்த்தார். எனக்கும் அழகாகத்தான் படுகிறது. கூடவே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. நியாயம் தன் பக்கம் என்று நம்பிவிட்டவன், 'ஆகவே உண்மையும் என் பக்கம்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

1912-ல் தொடங்கிய பிராவ்தா பத்திரிகைக்குப் பல வருஷம் ஆசிரியராக இருந்தவர் புகாரின். 1938-ல் அவரைத் துரோகியென்று விசாரித்துச் சுட்டுக் கொன்றபோது அவரைத் தூற்றிய ஏடுகளில் அதுவும் ஒன்று. கைதாகுமுன் அவர், வருங்காலத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் குற்றமற்றவர் என்று சொல்லியிருந்தார். அதை இளம் மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்ய வைத்தார். காகிதம் அழிக்கப்பட்டது. சிறை, முகாம், சைபீரியா என்று ஏறக்குறைய இருபது வருஷம் கழிந்தது அந்தப் பெண்ணுக்கு. ஒரு வரிகூட மறக்காமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

1988-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் புகாரின்மேல் குற்றமில்லை என்று தீர்த்தது. அப்போது அன்னாவுக்கு வயது 74.