மாவடை மரவடை

உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாவரப் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஏரியில் படகு விடுவார்கள். தொட்டபெட்டா சிகரத்தில் நின்று குளிரில் நடுங்குவார்கள். வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். நாம் இம்முறை நீலகிரிக்குச் சென்றது இவற்றுக்காக அல்ல. பாட்டன் தேடி வைத்த நிலத்தில் பேரன் பழமரம் வைக்கிறானா, வைத்தால் அதன் பழத்தை உண்ணப் போகிறவர் யார் என்று அறியும் ஆவலே நம்மை இழுத்துச் சென்றது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதன் அழகு அழகுதான். ஆயினும் பழங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சாலை மார்க்கமே உகந்தது. அடிவாரத்துக் கல்லாற்றில் பாக்குத் தோப்புகளின் நடுவே சர்க்கார் பழப் பண்ணை இருக்கிறது. மேலே ஏறினால் பர்லியாறு. அங்குள்ள தோட்டம் 1871-ஆம் வருஷம் முதல் சர்க்கார் வசம் இருப்பது. ஜாதிக்காய், கிராம்பு, துரியன், மங்குஸ்தான் எல்லாம் அங்கே ஒன்றாக வாழ்கின்றன.

மங்குஸ்தானைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். அதன் விதை மகரந்தச் சேர்க்கையால் உண்டாவதல்ல. தாய் மரத்தின் திசுவிலிருந்தே தோன்றுவது. ஆகையால் கன்று தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கும். ஆனால் காய்க்க ஏழெட்டு வருஷமாவது காத்திருக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற மரம் அதுவல்ல.

சுமார் ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள குன்னூரை அடைந்ததும் காட்சி மாறுகிறது. இங்கே பேரி, பிளம்ஸ், பீச்சஸ். இம்மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து, குறிப்பிட்ட காலம் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். நமது மலையின் குளிர் காஷ்மீரத்துக் குளிரைப் போல் கடுமையானதன்று. எனவே சொற்பக் குளிரே போதுமான ரகங்கள்தாம் இங்கே செழிக்கின்றன. 1874-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சிம்ஸ் பூங்காவில் மே மாதந்தோறும் பழக் கண்காட்சி நடக்கிறது.

இவையெல்லாம் கடல் கடந்து வந்த மரங்கள். ஜான் ஸல்லிவன் 1819-இல் இம்மலைமீது ஏறிய பின்பு, வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் காய்கனிகளையும் உடன் கொண்டுவந்தார்கள். இம்மலை தானாகவே ஈன்றெடுத்தது தவிட்டுப் பழம் போன்றவைதாம். எனினும் விதை எங்கிருந்து வந்தாலென்ன? குழி தோண்டி எருவிட்டு மூன்று தலைமுறை காத்து நின்ற கை நமது குடியானவனுடைய கை. மரம் அவனுடையதே.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே படுகர் ஹட்டி ஒன்றுக்குப் போனோம். முன்னாளில் சாமையும் ராகியும் விளைந்த சரிவுகள் அவை. பிறகு உருளைக்கிழங்கு வந்தது. 1961-இல் அக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு உதகைப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே குந்தாவில் சிறு விவசாயிகளுக்கென்று கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. தேயிலை ஊர் ஊராகப் பரவியது. வீட்டோரத்துப் பேரி மரங்களும் பிளம்ஸ் மரங்களும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கின. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தபோதுதான், ஒரே பயிரை நம்பியதன் கஷ்டம் எல்லோருக்கும் உறைத்தது.

தேயிலைச் செடிகளின் ஓரத்தில் பாசி படர்ந்து நின்ற பேரி மரமொன்றின் அடியில் ஒரு பெரியவர் நம்மை உட்காரவைத்துப் பேசினார்.

"இதை வைத்தவர் என் தகப்பனாருடைய தகப்பனார். அப்போது நிலம் நான்கு ஏக்கர். நாங்கள் சகோதரர்கள் மூவர். ஆளுக்கு ஒரு ஏக்கரும் சொச்சமும் வந்தது. தம்பி தன் பங்கிலிருந்த மரங்களை வெட்டித் தேயிலை வைத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இலை பறித்தால் மாதந்தோறும் காசு. மரம் வருஷத்துக்கு ஒரு முறைதானே கொடுக்கிறது?"

"தாங்கள் வைத்த மரம் எது, பெரியவரே?" என்று கேட்டோம்.

சற்றுத் தூரத்தில் இடுப்பளவு வளர்ந்திருந்த இரண்டு வெண்ணெய்ப்பழ ஒட்டுக் கன்றுகளைக் காட்டினார். "இவை காய்க்கும்போது யார் பங்கில் விழுமோ, தெரியாது. யார் பங்கில் விழுந்தாலும் குழந்தைகள் பறித்துத் தின்பார்கள்" என்றார்.

படுகர் வழக்கத்தில் நிலம் ஆண் மக்களுக்கே பங்கிடப்பட்டு வந்தது. பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் பாரதம் முழுவதிலும் சட்டம் வந்துவிட்டது. இதைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என் மகளும் இந்த மரத்தில் ஏறி விளையாடியவள்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதையாகாது என்று நாமும் விட்டுவிட்டோம்.

பங்காளிகள் பலர் பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலத்தில், 'நான் வைத்தால் அவன் அல்லவா தின்பான்?' என்ற எண்ணம் ஒருவரையும் கன்று வைக்க விடுவதில்லை. துணிந்து வைத்தாலும் குரங்கு வருகிறது, காட்டெருமை வருகிறது, பேரி பழுத்தால் கரடியும் வாசனை பிடித்து வந்துவிடுகிறது. படித்த பிள்ளைகளோ கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவர் கன்று வைக்கிறார் என்றால் அது லாபக் கணக்கினால் அன்று.

நமது பழைய கிரயப் பத்திரங்களில் 'மாவடை மரவடை' என்று ஒரு தொடர் உண்டு. நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது அதில் நிற்கும் மரங்களையும் சேர்த்து எழுதிய முன்னோர்கள், வெறும் மண்ணை மாத்திரம் சொத்தாகக் கருதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சங்கிலி போட்டு மண்ணை அளந்துவிடலாம்; மரத்தின் நிழலை எந்தச் சங்கிலியால் அளப்பது?

நேயர்களில் பலருக்கு எங்கேனும் ஒரு கிராமத்தில் பிதிரார்ஜித நிலம் கொஞ்சம் இருக்கக்கூடும். பாகம் பிரிக்கும் நாள் வரும்வரை அதைத் தரிசாக விட்டு வைக்க வேண்டாம். சகோதரர்களும் சகோதரிகளும் கூடிப் பேசி, வரப்போரத்தில் ஆளுக்கொரு கன்று வையுங்கள். பழம் பொதுவில் இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள். மலையானால் பேரி, சமவெளியானால் மாவோ பலாவோ. நிலம் பிரிந்த பிறகும் குடும்பம் வருஷத்துக்கு ஒரு முறையேனும் பழுக்கும் காலத்தில் ஒன்றுகூட, அந்த மரம் ஒரு காரணமாக நிற்கும்.