வெளியே நிற்பவரின் கை

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை உள்ள கன்டெய்னர் யார்டுகளில் பகலும் இரவும் ஒரு குரல் ஓயாமல் கேட்கும். "வா வா வா… லெஃப்ட்ல ஒடி… இன்னும் ஒடி… நேராக்கு… அப்படியே வா… ஹோல்டான்!" நாற்பது அடி டிரைலரைப் பின்னுக்கு எடுக்கும் டிரைவருக்குப் பக்கக் கண்ணாடியில் பாதிதான் தெரியும். மீதியைப் பார்ப்பவர் கீழே நிற்கும் கிளீனர். ஸ்டியரிங்கை ஒடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக டிரைலரின் வால் போகும் என்பதால், கிளீனர் சொல்லும் லெஃப்ட் ஸ்டியரிங்குக்கா வாலுக்கா என்பதை இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். பேசி வைக்காத ஜோடி சுவரை இடிக்கும்.

இந்த யார்டுகளில் கிளீனராகத் தொடங்கி, டிரைலர் ஓட்டி, பிறகு வேலைக்காக மஸ்கட் போன திருவொற்றியூர்க்காரர் ஒருவருக்கு ஓமானின் பாறைத் தடங்கள் சீக்கிரமே பிடிபட்டுவிட்டன. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. நான்கைந்து வண்டிகள் சேர்ந்து ஹஜர் மலைத்தொடருக்குள் போவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களிடையே பழகிப்போன விஷயம். மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இறங்கும் வாதி பனீ அவ்ஃப் தடம் அவற்றில் பெயர் பெற்றது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே உருண்டு கிடக்கும் கற்கள். பக்கத்திலேயே இருக்கும் ஜபல் அக்தர் மலைக்குத் தார்ச்சாலை உண்டு. ஆனாலும் சரிவு கடுமை என்பதால், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டுமே சோதனைச் சாவடிப் போலீசார் மேலே விடுகிறார்கள்.

நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்றதும் எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடலாம் என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் நம்பிவிடுகிறார்கள். சாதாரண டிஃபரென்ஷியலின் குணம் வேறு. இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. வளைவில் திரும்ப அதுதான் உதவி, பாறையில் அதுவே வினை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் எஞ்சினின் சுழற்சி முழுவதும் எதிர்ப்பு இல்லாத அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும். தொங்கும் சக்கரம் விர்ரென்று சுற்றும், தரையில் பதிந்த சக்கரம் சும்மா நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் நான்கு சக்கர வண்டியும் அசையாது. இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்தே சுற்றவைக்கும் டிஃப் லாக் இருந்தால் தப்பிக்கலாம். இல்லாத வண்டிக்கு நல்ல வழி, சக்கரம் தூக்காத பாதையைத் தேர்ந்தெடுப்பது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதை டிரைவருக்குத் தெரியாது. ஏற்றத்தில் பானெட் வானத்தைப் பார்க்கும். முன் டயருக்குக் கீழே இருக்கும் கல் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படவே படாது. அங்கேதான் வெளியே நிற்பவர் தேவைப்படுகிறார். கூட்டமாகப் போகும் பயணத்தில் உண்மையான கைத்திறன் ஸ்டியரிங் பிடித்தவரிடம் பாதிகூட இல்லை என்பதை இந்தத் தடங்களில் ஒருமுறை போனவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

வழி காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கமிருந்து கத்தினால் டிரைவர் யாரைக் கேட்பார்? எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது, கைதான் பேச வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் ஸ்டியரிங். மூடிய முஷ்டி என்றால் அந்த இடத்திலேயே நிறுத்து. கை காட்டுபவர் பார்வையிலிருந்து மறைந்தாலும் நிறுத்து. அவரும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நிற்கக் கூடாது, பின்பக்கமாக நடந்துகொண்டே சைகை காட்டக் கூடாது. தடுக்கி விழுந்தால் வண்டி மேலே வந்துவிடும். நின்று, காட்டி, வண்டியை நிறுத்திவிட்டு, நடந்து போய் அடுத்த இடத்தில் நின்று மறுபடி காட்ட வேண்டும். டிரைவர் தரப்பிலும் ஒரு பழக்கம் உண்டு: கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடமாட்டார்கள். முன் டயர் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சட்டென்று திருப்பி அடிக்கும், விரல் எலும்பு தாங்காது.

அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் உள்ள ரூபிகான் தடத்தில் 1953இல் முதல் ஜீப் கூட்டுப் பயணம் நடந்தது. 55 ஜீப்புகள், 155 பேர். இன்றும் தொடரும் அந்தப் பயணத்தில் கடினமான இடங்கள்தோறும் கை காட்டுவதற்கென்றே ஆட்களை நிறுத்துகிறார்கள். யூட்டா மாநிலத்தின் மோவாப் பாலைநிலத்தில் 1967 முதல் ஈஸ்டர் வாரத்தில் ஜீப்புகள் செம்பாறைகளில் ஏறுகின்றன. அங்கும் அதே முறைதான், ஒரு தடையில் ஒரு வண்டி. முன் வண்டி ஏறி முடிக்கும்வரை அடுத்தது கீழே காத்திருக்கும்.

வெளிநாட்டுத் தடங்களைச் சொன்னாலும், எண்ணூருக்கும் ஃபோர் வீல் டிரைவ் அந்நியமானதல்ல. 1948இல் தொடங்கப்பட்டு இங்கே ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ராஜஸ்தான் மணலிலும் லடாக் சரிவிலும் ராணுவத்துக்குச் சரக்கு சுமக்கும் ஃபோர் வீல் டிரைவ் ஸ்டாலியன் லாரி அந்த நிறுவனத்தின் வடிவமைப்புதான்.

தடத்துக்குத் திரும்புவோம். பாறைக்குள் நுழையும் முன் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி டயரில் காற்றை இறக்குவார்கள். சாலையில் 35 பவுண்டு இருந்தால் பாறைக்கு 20, மணலுக்கு 15 வரை. காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படுக்கும், கூர்மையான கல்லை உள்வாங்கி அணைத்துக்கொள்ளும். இறுக்கமான டயர் அதே கல்லில் கிழியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றடிக்காமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கலாம் என்பதால் கம்ப்ரெசர் இல்லாமல் கூட்டம் கிளம்புவதில்லை.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் நேரம்தான் ஆபத்து அதிகம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பலைக் கட்டிய கயிறு முறுக்கேறி நிற்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது ராயபுரம் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும். அறுந்த கயிறு திரும்பி வரும் வேகத்தில் ஆளை அடித்துப்போடும். பாறைத் தடத்திலும் கயிற்றை சேசிஸில் பொருத்திய கொக்கியில்தான் மாட்டலாம். பம்பரிலோ டிரைலர் இழுக்கும் பந்துக் கொக்கியிலோ மாட்டினால் அது பிய்ந்து குண்டுபோலப் பறக்கும். உலகின் பல இடங்களில் உயிர் போயிருக்கிறது. கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ பாயையோ போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அனுப்பிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

பாலைநிலத்துக்கே உரிய இன்னோர் அபாயம் தண்ணீர். வாதி என்பது வறண்ட காட்டாறு. தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தொலைவில் மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். 2024 ஏப்ரலில் ஓமானில் திடீரென வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். மலைமேல் மேகம் தெரிந்தால் அனுபவசாலிகள் வாதிக்குள் இறங்குவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலை நேரில் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் போகலாம். கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டி வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கல் பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விடியலுக்கு முன் வரிசையாக ஏறும் ஜீப்புகளின் டிரைவர்கள் இறக்கத்தில் பிரேக்கை நம்புவதில்லை. முதல் கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டுவிடுகிறார்கள். வீரம் காட்டும் ஓட்டம் அங்கே கிடையாது, மனிதன் நடக்கும் வேகம்தான். தினமும் பயணிகளை ஏற்றி இறக்கும் இவர்களைப் போன்றவர்களே இந்தக் கலையின் ஆசான்கள். சினிமாவிலும் விளம்பரத்திலும் புழுதி பறக்கப் பாயும் வண்டிகளைப் பார்த்து இதைக் கற்க முடியாது.

வடசென்னையிலும் இப்போது ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பெருகிவிட்டன. பக்கத்தில் பாறை இல்லாததால் எண்ணூர், காட்டுப்பள்ளி கடற்கரை மணலில் இறக்கிப் பார்க்கும் ஆசை வரலாம். தயவுசெய்து வேண்டாம். மோவாப் பாலைநிலத்திலேகூடப் போட்ட தடத்தை விட்டு விலகக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். நம் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும், மேலே ஓர் அடி, ஒன்றரை அடி மணல்தான். ஓடும் டயருக்கு அது தெரியாது. வண்டி பழக விரும்புகிறவர்கள் அனுபவமுள்ள குழுவுடன், இரண்டு வண்டியாகவாவது, அனுமதி உள்ள தடத்துக்குப் போங்கள். முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், கீழே இறங்கி நின்று கை காட்டிப் பழகுங்கள்.