கோடைக்கானலில் தட்டு விளையாட்டு

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் முதல் நாள் ஏரியைச் சுற்றுவார்கள். இரண்டாம் நாள் தூண் பாறை. மூன்றாம் நாள் கோக்கர்ஸ் வாக்கில் நின்று மூடுபனியைப் படம் பிடிப்பார்கள். நாலாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார்கள். அந்த நாலாம் நாளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். வேண்டியதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டும், கொஞ்சம் மரங்களுந்தான்.

தட்டு என்றதும் பலகாரத் தட்டு என்று நினைத்தால் தப்பில்லை. அமெரிக்காவில் ஃபிரிஸ்பி என்ற குடும்பப் பெயர் கொண்ட பலகாரக் கம்பெனியின் தகரத் தட்டுகளைக் காலி செய்துவிட்டு, மாணவர்கள் வீசி விளையாடினார்கள். 1957-ல் ஒரு பொம்மைக் கம்பெனி தன் பிளாஸ்டிக் தட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில், மரங்களுக்கு நடுவே ‘தட்டு கோல்ஃப்’ ஆடும் தடம் அமைத்தார். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கு வெற்றி.

கோல்ஃப் கோடைக்குப் புதிதல்ல. 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப், பதினெட்டுக் குழிகளோடு இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போகும்போது எங்கள் அத்தை எட்டிப் பார்த்து, “ஏண்டா, இத்தனை பெரிய புல்வெளி அந்த எலுமிச்சங்காய்க்கா?” என்று கேட்டாள்.

“நாம சின்னதா ஆடலாம் பாட்டி” என்றான் என் அண்ணன் மகன். அவன் பெட்டியில் நாலு தட்டுகள் இருந்தன.

நாங்கள் தங்கியிருந்த பங்களாவின் பின்புறம் சரிவு. பைன் மரங்களும், சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரங்களும் அடர்ந்திருந்தன. கூடைக்கு எங்கே போவது? ஒன்பது மரங்களில் சிவப்பு நாடாவைக் கட்டினோம். தட்டு மரத்தைத் தொட்டால் கணக்குத் தீர்ந்தது.

பையன் உடம்பைச் சுழற்றி வீசினான். நடுவழியில் ஒரு பைன் மரம் ‘டொக்’ என்று தட்டைத் திருப்பி அனுப்பியது. வலது கையால், உடம்புக்குக் குறுக்கேயிருந்து வீசும் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெல்லியது. தட்டைத் தாங்கும் பலம் அதற்குக் குறைவு. ஆகவே கடற்கரையில் வீசுவதைவிட இங்கே சீக்கிரமாகவே சாய்ந்துவிடுகிறது.

அத்தையோ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தாம்பாளத்தை நீட்டுவதுபோல் பத்துப் பன்னிரண்டு கெஜம் வீசுவாள். நடப்பாள். மறுபடி வீசுவாள். காட்டுத் தடத்தின் ரகசியமே அதுதான்: பலம் வேண்டாம், நேராகப் போனால் போதும்.

ஆறு மரம் முடிந்தது. ஏழாவதற்கு வீசிய தட்டு சரிவில் உருண்டு, மூடுபனிக்குள் மறைந்தது. பனி விலகியபோது தட்டுக்குப் பக்கத்தில் நாலு வெள்ளைக் காலுறைகள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே ஒரு கறுப்பு மலை. காட்டெருமை!

“நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்று பையன் காலை எடுத்து வைத்தான். அத்தை அவன் ஸ்வெட்டரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தட்டு போனா கடையில கிடைக்கும். பின்னாலேயே நட; ஓடாதே!”

அத்தை சொன்னது சரி. வளர்ந்த ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோ வரை இருக்கும். பார்த்தால் சாது, ஆனால் அது முட்டி உயிரிழந்தவர்களும் கோடையில் உண்டு. நாங்கள் தாழ்வாரத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தோம். அரை மணி நேரம் அது சாவகாசமாகப் புல் மேய்ந்தது.

ஊருக்குள் அது ஏன் வருகிறது? பழனி மலையின் உச்சிகள் ஒரு காலத்தில் பரந்த புல்வெளிகள். மடிப்புகளில் மட்டும் சோலைக் காடு. அந்தச் ‘சோலை’யைத்தான் ஆங்கிலத்தில் ‘ஷோலா’ என்கிறார்கள். பிறகு புல்வெளிகளில் பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்களை நட்டார்கள். அடர்ந்த நிழலில் புல் அருகியது. புல்லைத் தேடி மாடு தோட்டத்துக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் வருகிறது என்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். நாங்கள் காடு என்று மகிழ்ந்து ஆடிய இடமும் அதன் பழைய மேய்ச்சல் நிலமாக இருந்திருக்கலாம்!

அது போன பிறகு தட்டைக் கொண்டுவந்தோம். இருட்டிவிட்டதால் ஆட்டம் அத்தோடு நின்றது. ஆறு மரத்துக் கணக்கு: பையனுக்கு 30, அத்தைக்கு 27.

நீங்களும் ஆட விரும்பினால், சில வார்த்தைகள். தங்கும் இடத்துத் தோட்டத்தில், அனுமதி கேட்டு ஆடுங்கள்; சோலைக்குள் வேண்டாம். பளிச்சென்ற நிறத் தட்டாக வாங்குங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். நாடாவை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள். பனி இறங்கினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். 2024 மே மாதம் முதல் கோடைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவந்தார்கள், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதான அத்தை இருந்தால் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். தட்டை எப்போது எறிய வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.